கையால் படிக்கும் வரலாறு: முட்டுக்காடு தட்சிணசித்ராவின் முப்பது ஆண்டுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பர்மா தேக்குத் தூண்கள் சுவரோரம் சாய்ந்து நிற்கும். செதுக்கு வேலை நிறைந்த கதவு நிலைகள், எனாமல் தூக்குகள், ரவிவர்மா அச்சுப்படங்கள், யார் வீட்டிலோ பாட்டி கையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான மரப்பெட்டிகள் எல்லாம் விலை சொல்லக் காத்திருக்கும். செட்டிநாட்டு வீடுகள் பங்காளிகள் பலருக்குச் சொந்தமாகி, பராமரிக்க ஆளில்லாமல் பூட்டிக் கிடந்து, கடைசியில் மர விலைக்குப் பிரிக்கப்பட்டபோது அவை இப்படித்தான் தெருவுக்கு வந்தன. கேரளத்துப் பலகை வீடுகளுக்கும் அதே கதிதான். தூண் ஒரு ஓட்டலுக்குப் போகும், கதவு ஒரு பங்களாவுக்குப் போகும். எந்தத் தூண் வளவு என்னும் உள்முற்றத்தின் எந்த மூலையில் நின்றது, அந்த மூலையில் யார் உட்கார்ந்து என்ன வேலை செய்தார்கள் என்பது மட்டும் எங்கும் போகாமல் அழிந்துவிடும்.

இந்த அழிவைப் பார்த்து வருத்தப்பட்டவர்கள் பலர். வருத்தத்தோடு நிற்காமல் ஒரு நிறுவனத்தைக் கட்டியவர் டெபோரா தியாகராஜன். அமெரிக்காவில் பிறந்து சென்னையைத் தம் ஊராக்கிக்கொண்ட கலை வரலாற்று ஆய்வாளர் அவர். 1984-இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் தமிழக அரசு குத்தகைக்குக் கொடுத்த பத்து ஏக்கர் நிலத்தில் அந்த அமைப்பு எழுப்பிய அருங்காட்சியகம்தான் தட்சிணசித்ரா. 1996 டிசம்பர் 14 அன்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2026 டிசம்பரில் முப்பது ஆண்டு நிறைகிறது. தொடக்கத்துக்கும் திறப்புக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டு இடைவெளி இருப்பதைக் கவனிக்க வேண்டும். பணம் திரட்டவும், வீடு தேடவும், தேடிய வீட்டைப் பிரித்துக் கொண்டுவரவும் அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அவசரப்படாதவர்கள் கட்டிய இடம் இது.

வளாகத்தை வடிவமைக்க முன்வந்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து, உள்ளூர்ச் செங்கல்லையும் உள்ளூர்க் கொத்தனாரையும் நம்பிக் குறைந்த செலவில் அழகான வீடுகள் கட்டிக்கொடுத்த கட்டடக் கலைஞர். அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் அந்தப் பணியை எடுத்துத் தொடர்ந்தார். பேக்கரைத் தேர்ந்தெடுத்ததிலேயே இந்த நிறுவனத்தின் மனப்போக்கு தெரிந்துவிடுகிறது. வரைபடத்தை மேசையில் வைத்துவிட்டுக் கொத்தனார் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற கட்டடக் கலைஞர்கள் அன்றைக்கும் குறைவு, இன்றைக்கும் குறைவு.

வீடுகளைக் கொண்டுவந்த விதம் இந்த வரலாற்றின் மையம். கோட்டயம் மாவட்டம் புதுப்பள்ளியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்ட ஒரு சிரியன் கிறித்தவக் குடும்பத்தின் மரவீடு இங்கே வந்து நிற்கிறது. பலகையும் சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்கிற வீடு அது. அப்படிப்பட்ட வீட்டைப் பிரிக்கத் தச்சருக்குத்தான் தெரியும். எந்த முளையை முதலில் தட்ட வேண்டும், எந்த உத்தரத்தைக் கடைசியில் இறக்க வேண்டும் என்ற வரிசை தவறினால் பலகை பிளந்துவிடும். பிரித்த துண்டுகளை அடையாளமிட்டு, லாரியில் ஏற்றி, இங்கே மறுபடி பூட்ட வேண்டும். அந்தந்த வீட்டை அந்தந்தப் பகுதியின் தச்சர்களும் கொத்தர்களும் ஸ்தபதிகளுமே வந்து நிறுத்தினார்கள். செட்டிநாட்டு வீட்டுக்குச் செட்டிநாட்டு வேலைக்காரர், கேரள வீட்டுக்குக் கேரளத் தச்சர். என் கணக்கில் தட்சிணசித்ராவின் முதல் கைவினை வகுப்பு அதுதான். மாணவர்கள் என்று யாரும் பதிவு செய்துகொள்ளவில்லை. ஆனால் கட்டடக் கலை படித்தவர்கள் அந்தத் தச்சர்களின் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்துக் கற்றார்கள். பின்னால் வந்த எல்லா வகுப்புகளுக்கும் ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

இன்று அங்கே பதினெட்டு வீடுகள் நிற்கின்றன. செட்டிநாட்டு வணிகர் வீடு, திருநெல்வேலிச் சீமை அக்கிரகார வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, குயவர் வீடு, தஞ்சைப் பகுதி விவசாயி வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளரின் கல் முகப்பு வீடு, சிக்மகளூர் வீடு, தெலங்கானாவின் இக்கத் நெசவாளர் வீடு, கள்ளிக்கோட்டை வீடு, திருவனந்தபுரத்து வீடு என்று ஒரு பகல் முழுக்க நடந்து பார்க்கலாம். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது ஆந்திரக் கடற்கரையின் வட்ட வடிவ மண்வீடு. விசாகப்பட்டினம் பக்கத்து அரிபுரத்து வகை. மூலையே இல்லாத சுவர், தரையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்து இறங்கும் ஓலைக் கூரை. புயல் காற்று பிடித்து இழுக்க ஒரு விளிம்பு கிடையாது. தேக்கு வீட்டைப் பிரித்து லாரியில் கொண்டுவரலாம். மண்சுவரை எப்படிக் கொண்டுவருவது? அதைக் கட்டத் தெரிந்தவரைக் கொண்டுவருவதுதான் வழி. ஏழைகளின் வீட்டில் விற்பதற்கு மரமில்லை, அதனால் மீட்பதற்கும் எதுவுமில்லை. அவர்களுடைய வீடு முழுக்க முழுக்க அவர்கள் கையில்தான் இருக்கிறது. பாரம்பரிய வீடு என்றதும் பெரிய வீட்டுத் தூண்களை மட்டும் நினைக்கிறவர்கள் இந்த மண்வீட்டின் முன்னால் சற்று நேரம் நிற்க வேண்டும்.

கைவினை வகுப்புகள் ஏன் இந்த நிறுவனத்துக்கு ஓர் உபரிச் சேவையாக இல்லாமல் உயிராக இருக்கின்றன என்பதற்கும் இதுவே காரணம். வீடு பொருள். அதற்குள் நடந்த வேலை பொருளில் தங்காது. அதை யாராவது செய்துகாட்ட வேண்டும், யாராவது செய்துபார்க்க வேண்டும்.

வரலாற்று ஆசிரியராக இருந்த காலத்திலும் ஓய்வுபெற்ற பின்னும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். பேருந்திலிருந்து இறங்கியதும் கூட்டம் நேராக ஓடுவது குயவர் சக்கரத்துக்குத்தான். சக்கரத்தின் நடுவில் மண்ணை வைத்து ஒரு பிள்ளையின் கையைத் தம் கையால் மூடிக்கொண்டு, "அழுத்தாத கண்ணு, மண்ணு தானா எழும்பி வரும்" என்பார் குயவர் ஐயா. மண் எழும்பி வரும். அவர் கையை எடுத்ததும் கோணிக்கொண்டு சரிந்துவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சரிவில் ஒரு பாடம் முடிந்துவிடுகிறது. எளிய வேலை என்று நினைத்தது எளிதல்ல என்று விரல் ஒப்புக்கொண்டுவிட்டது.

அதற்குமேல் இன்னொரு பாடம் இருக்கிறது, அதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பானையைச் சக்கரம் மட்டும் செய்வதில்லை. சக்கரத்தில் கழுத்தும் விளிம்பும் வந்துவிடும். உடம்பு தடித்து, அடி திறந்து இருக்கும். அறுத்தெடுத்துப் பாதி உலரவிட்டு, உள்ளே ஒரு கையால் வழுக்கைக் கல்லை அணைத்துப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி, சுவரை மெலிதாக்குவார்கள். சோற்றுப் பானையின் அடி உருண்டு இருப்பதும், மெல்லிய சுவராக இருந்தும் நெருப்பைத் தாங்குவதும் இந்தத் தட்டு வேலையால். இதைப் பார்த்த பிள்ளையிடம் கீழடி அகழாய்வுக் குழியில் கிடைத்த கருப்பு சிவப்புப் பானை ஓட்டின் படத்தைக் காட்டினால் கேள்விகள் தாமாக வரும். உள்ளே ஏன் கருப்பு? சூளையில் கவிழ்த்து அடுக்கியதால் உள்பக்கத்துக்குக் காற்று போகவில்லை. ஓட்டின் மேல் ஏன் பெயர் கீறியிருக்கிறது? யாருடைய பானை என்று தெரிய. 2014-15-இல் தொடங்கிய அந்த அகழாய்வைப் பற்றிப் பாடநூலில் படித்தபோது கேட்காத கேள்விகள் இவை. மண்ணைத் தொட்ட பிறகே வருகின்றன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவதற்கு முன் ஒருமுறை முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சக ஆசிரியர்களிடம் நான் சொல்லிவருவது இதனால்தான்.

தறிக்கு முன்னால் கூட்டம் குறையும். நெசவு வேகமாகக் கண்ணுக்குப் படுகிற வேலை இல்லை. அது பிள்ளைகளின் குற்றமில்லை. அங்கே விளக்கிச் சொல்ல ஒருவர் கட்டாயம் வேண்டும். குழித்தறியில் கால் எங்கே போகிறது, பாவு எது, ஊடை எது, நாடா எந்தப் பக்கம் பாய்கிறது என்று தொட்டுக் காட்டினால்தான் காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையின் அருமை புரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவர் கைக்கு அது எட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து மறுகரையின் நாடாவைத் தள்ள ஒரு துணையாள் வேண்டும். அந்தத் துணையாள் பல காலம் ஒரு சிறுவனாகத்தான் இருந்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் கல்யாணப் புடவையில் தங்கள் வயதுப் பையன் ஒருவனின் பள்ளிக்கூட நாட்கள் நெய்யப்பட்டிருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. அழகைக் காட்டிவிட்டு இதை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

தெலங்கானா வீட்டின் இக்கத் வேறு கணக்கு. அங்கே துணியில் சாயம் போடுவதில்லை. நூலையே இடம் பார்த்துக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். தறியில் ஏறும்போது உருவம் ஏற்கெனவே நூலுக்குள் இருக்கிறது. எந்த இழையில் எந்த அங்குலத்தில் சிவப்பு வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடுகிறவரைப் படிக்காதவர் என்று யார் சொல்ல முடியும்? கணக்கு ஆசிரியர்களையும் இந்த வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்பது என் ஆசை.

பனையோலைப் பந்தலில் சின்னப் பிள்ளைகள் அதிகம். காற்றாடி, கிலுகிலுப்பை, மீன், கிளி என்று கையில் ஒன்றோடுதான் எழுந்திருப்பார்கள். குருத்தோலை வளையும், முற்றிய ஓலை முறியும், ஈர்க்கைக் கிழித்தெடுத்த பிறகுதான் பின்ன முடியும் என்பதெல்லாம் சொல்லாமலே பிடிபடுகிறது. கோலம், மருதாணி, அச்சுப் பதித்தல் எல்லாம் பிள்ளைகளை மகிழ்விக்கிறவை. அவற்றைக் கடந்துவிடுகிறேன். கண்ணாடி ஊதுபவரின் மேசை அருகே மட்டும் சற்று நிற்க வேண்டும். சுடரில் கண்ணாடிக் குச்சி இளகி வளைவதைப் பார்க்கும் பிள்ளையிடம் அரிக்கமேட்டைப் பற்றிச் சொல்லலாம். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அந்த ஈராயிரம் ஆண்டுப் பழைய துறைமுக மண்ணில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கி மணியாக்கும் அந்தப் பழைய முறையைக் காளஹஸ்திக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை கைவிடாமல் வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டு என்பது பாடநூலில் வெறும் எண். சுடருக்கு முன்னால் அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்த தூரமாகத் தெரிகிறது.

இங்கே நடப்பவற்றில் வரலாற்று நிகழ்ச்சிகள் என்று சிலவற்றைத் தனியாகச் சொன்னாலும், கைவினையிலிருந்து அவற்றைப் பிரிக்க முடியவில்லை. பொங்கல், நவராத்திரிக் கொலு, ஓணம் ஆகிய விழாக்கள், கோடை முகாம்கள், கல்லூரி மாணவர்களுக்கான பயிற்சிப் பணி, கரகாட்டம், தெருக்கூத்து, தோல்பாவைக்கூத்து என்று ஆண்டு முழுக்க ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும். தோல்பாவைக்கூத்து நடக்கிற நாளில் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போக அனுமதி கேளுங்கள். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கி, உளியால் துளையிட்ட பாவைகள் அங்கே தொங்கும். மேடையில் தமிழில் ராமாயணம் பேசும் கலைஞர்கள், தங்களுக்குள் மராத்தியில் பேசிக்கொள்வார்கள். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தோடு சேர்ந்து இங்கே வந்த சமூகம் அது. 1676-இல் தொடங்கிய அந்த ஆட்சி 1855-இல் முடிந்துவிட்டது. அரசர்கள் போய்விட்டார்கள். பாவையும் மொழியும் மட்டும் ஊர் ஊராக நடந்துகொண்டிருக்கின்றன. காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் உண்டு, மதுரைப் பக்கம் சௌராட்டிரம் பேசும் நெசவாளர்கள் உண்டு. படையெடுப்பு, உடன்படிக்கை என்று மனப்பாடம் செய்த தென்னிந்திய வரலாற்றுக்குள் இத்தனை பேர் தறியையும் பாவையையும் சுமந்து நடந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் அறியும் இடம் இது.

ஒரு விஷயத்தைத் தயங்காமல் எழுதுகிறேன், இது முப்பதாண்டு விழா மலர் என்பதற்காக விட்டுவிட முடியாது. அக்கிரகார வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளிடம், அந்தக் காலத்தில் இந்தத் தெருவுக்குள் யார் வரலாம், யார் வரமுடியாது என்று கேட்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு கட்டாக உள்ளே போகும்போது, ஆண்கள் எதுவரை, பெண்கள் எதுவரை, வேலைக்கு வந்தவர்கள் எந்த வாசலால் என்று கேட்க வேண்டும். சில ஆசிரியர்கள் இந்தக் கேள்விகளைத் தவிர்க்கிறார்கள், சுற்றுலாவில் எதற்கு என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. குயவர் வீடும் அக்கிரகார வீடும் ஒரே வளாகத்தில், சில நிமிட நடையில் நிற்பது சாதாரண விஷயமில்லை. இந்த வீடுகள் முன்பு நின்ற ஊர்களில் அந்தச் சில நிமிட நடையைத் தலைமுறை தலைமுறையாகப் பலரால் நடக்க முடிந்ததில்லை. இதைச் சொல்லிக்கொடுக்கும் வழிகாட்டி ஒருவர் இருந்தால் நூறு பக்கப் பாடம் மிச்சம்.

அதே காரணத்துக்காகத்தான், கைவினைஞரை ஆசிரியர் இருக்கையில் உட்காரவைத்ததை இந்த நிறுவனத்தின் மிகப் பெரிய சாதனையாக நினைக்கிறேன். குயவரையும் நெசவாளரையும் கூடை முடைபவரையும் பெயர் சொல்லி அதட்டிப் பழகிய சமூகம் இது. இங்கே நகரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று "ஐயா, எனக்கு ஒரு தரம் காட்டுங்க" என்று கேட்கிறார்கள். செய்துகாட்டியதற்குக் கூலியும், செய்த பொருளுக்கு விலையும், கேட்கிறவர் குரலில் மரியாதையும் ஒரே இடத்தில் கிடைப்பது கைவினைஞர்களில் பலருக்கு வேறு எங்கும் வாய்க்காதது. தொழிலின் வருமானத்தைவிட அதன் மதிப்பு குறைந்ததால் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள் எத்தனையோ. மதிப்பு திரும்புவது வருமானம் திரும்புவதற்கு முதல் படி. செட்டிநாட்டில் கொட்டான் என்ற ஓலைக் கூடைப் பின்னல் அழியும் நிலைக்கு வந்து மறுபடி உயிர்பெற்றபோதும் இதுதான் நடந்தது. கற்றுக்கொள்ள வந்த பெண்களுக்குச் சம்பாத்தியமும் பெருமையும் சேர்ந்து கிடைத்தன.

குறை என்று ஒன்று உண்டு. அது இந்த ஒரு நிறுவனத்தின் குறையும் அல்ல, வகுப்பு நேரத்தின் குறை. பள்ளிச் சுற்றுலாவில் ஒரு பிள்ளைக்குச் சக்கரத்தில் கிடைப்பது சில நிமிடம். வார இறுதிப் பயிலரங்கில் சில மணி நேரம். சுவை காட்ட இது போதும், தொழில் பழக இது போதாது. குயவர் வீட்டுப் பிள்ளை மண் மிதிப்பதிலேயே ஆண்டுகளைக் கழித்து, அதன் பிறகுதான் சக்கரத்தில் உட்கார்ந்தது. நகரத்தில் பிறந்த, எந்தக் குலத்தொழிலும் இல்லாத ஒரு பிள்ளைக்கு இந்த வேலையில் உண்மையான ஆசை வந்தால் அது எங்கே போகும்? பிறப்பால் மட்டும் கிடைத்த தொழிலறிவு விரும்புகிற யாருக்கும் கிடைக்கும் அறிவாக மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கு அருங்காட்சியகத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் தங்கிப் பழகும் வகுப்புகள், கைவினைஞரின் சொந்தப் பிள்ளைகளும் வெளியிலிருந்து வருகிறவர்களும் சேர்ந்து உட்காரும் வகுப்புகள் அடுத்த பத்தாண்டில் வளர வேண்டும். இதற்குப் பணம் வேண்டும். நுழைவுச் சீட்டு வருமானத்தில் நடக்கிற காரியம் இல்லை இது. அரசும் பெருநிறுவனங்களும் இந்த மலரைக் கையில் வாங்கும்போது இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்கட்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் நினைக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வரை ஒரு பேருந்து பிடிப்பது தனியார் பள்ளிக்கு எளிது. செங்கல்பட்டு உள்கிராமத்துப் பள்ளிக்கு அது ஆண்டுக் கணக்கில் பேசித் தீராத விஷயம். அந்தக் கிராமத்திலேயே ஒரு குயவரோ பாய் நெய்பவரோ இருக்கக்கூடும். பிள்ளைகளால் முட்டுக்காட்டுக்கு வரமுடியாவிட்டால், முட்டுக்காட்டின் கல்விப் பிரிவு அந்தப் பள்ளிக்குப் போகலாம். உள்ளூர்க் கைவினைஞரைப் பள்ளி வராந்தாவுக்கு அழைத்து, பாடம் எப்படி எடுப்பது என்று ஆசிரியருக்கும் அவருக்கும் சேர்த்துப் பழக்கிவிட்டு வரலாம். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்களால்தான் இதைச் செய்ய முடியும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு, அதற்குச் செலவு மிகக் குறைவு. மியூசியத்தில் மூங்கில் கூடைக்கும் மண்பானைக்கும் ஊரும் பகுதியும் எழுதிவைப்பது வழக்கம். முடைந்தவர் பெயர் எழுதுவது எங்குமே அரிது. ஓவியத்துக்கு ஓவியர் பெயர் இல்லாமல் சட்டம் மாட்டுவதில்லை அல்லவா? பயிலரங்கு அறிவிப்பு ஒவ்வொன்றிலும், காட்சிப் பலகை ஒவ்வொன்றிலும், கற்றுக்கொடுப்பவர் பெயர், அவர் ஊர், அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பெயர் ஆகிய மூன்றும் இடம்பெறட்டும். அவர்கள் தங்கள் வேலைக்குச் சொல்லும் சொற்களும் ஒலிப்பதிவாகட்டும்: மண்ணின் பதத்துக்கு, ஓலையின் முற்றலுக்கு, பாவின் இறுக்கத்துக்கு அவர்கள் வாயில் புழங்கும் சொற்களில் பல எந்த அகராதியிலும் ஏறாதவை. அறுபது எழுபது வயதைத் தாண்டிய ஆசான்களிடமிருந்து இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.